சமாதானமா, பட்டயமா? சமாதானம் சொல்லாமல் ஒரு பதில் வேண்டும்

ஒரு வாசகரின் கேள்வி, ஜூலை 2

தம்பி, செமினரியில் படிப்பதாகச் சொன்னீர்கள். அதனால் கேட்கிறேன். மத்தேயு 10:34: "பூமியின்மேல் சமாதானத்தை அனுப்பவந்தேன் என்று எண்ணாதிருங்கள், சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்பவந்தேன்." யோவான் 14:27: "சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன், என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்." இரண்டையும் சொன்னது ஒரே வாய். நாற்பது வருஷமாகப் பிரசங்கம் கேட்கிறேன். யாரிடம் கேட்டாலும் ஏதாவது ஒரு சமாதானம் சொல்கிறார்கள். நீங்களாவது சமாதானம் சொல்லாமல் பதில் சொல்லுங்கள்.

ஜூலை 2, இரவு

ஐயா, மத்தேயு "பட்டயம்", அதாவது வாள், என்று எழுதிய இடத்தில் லூக்கா (12:51) "பிரிவினை" என்று எழுதுகிறார். மத்தேயுவின் அடுத்த வசனத்தைப் பாருங்கள். மகனுக்கும் தகப்பனுக்கும், மகளுக்கும் தாய்க்கும், மருமகளுக்கும் மாமிக்கும் பிரிவினை. மீகா 7:6-ல் இருந்து எடுத்தது. அதனால் பட்டயம் இங்கே உருவகம். விசுவாசத்தின் பொருட்டு வீடு இரண்டுபடும் என்ற எச்சரிக்கை. இயேசு யாரையும் வெட்டச் சொல்லவில்லை. கெத்செமனேயில் தம்மைப் பிடிக்க வந்தவனைச் சீஷன் வெட்டியபோது, பட்டயத்தை உறையிலே போடச் சொன்னவர் அவர். வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்று யோவான் எழுதுகிறார். முரண்பாடு இல்லை.

ஜூலை 3

திருத்தம். காதைக் குணமாக்கினதை எழுதியவர் லூக்கா மட்டும்தான் (22:51). யோவான் தருவது பெயர்களை: வெட்டியவன் பேதுரு, வெட்டுப்பட்டவன் மல்குஸ். ஒரு அக்கா சுட்டிக்காட்டினார். நன்றி அக்கா. புத்தகத்தைத் திறக்காமல் நினைவை நம்பி எழுதியது என் தவறு.

திருத்தப் போய் ஒன்று கண்ணில் பட்டது. வெட்டியதை நான்கு சுவிசேஷகரும் எழுதியிருக்கிறார்கள். ஆறியதை எழுத ஒருவர்தான் இருந்திருக்கிறார். இது ஏன் என்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 5, விடிகாலை

தூக்கம் வரவில்லை. ஐயா, 2-ம் தேதி நான் எழுதியதில் காது விஷயம் போக மற்றத் தகவல் சரிதான். ஆனால் அது பதில் இல்லை. "உருவகம்" என்ற ஒரு சொல்லைப் போட்டு உங்களை வாயடைத்திருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்ற அதே சமாதானத்தைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சொல்லை நாம் எப்படியெல்லாம் புழங்குகிறோம் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். தவறு செய்தவன் காரணம் அடுக்கினால் "சமாதானம் சொல்லாதே" என்கிறோம். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறோம், அதாவது அழுகையை நிறுத்துகிறோம். சண்டை என்றால் "சமாதானமாப் போயிடுங்க" என்கிறோம். அதை யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? பெரும்பாலும் அடிவாங்கினவனைப் பார்த்து. அடித்தவனுக்குப் போவதில் என்ன கஷ்டம்? மூன்று இடத்திலும் ஒரு குரல் அடங்குகிறது. அந்த அடக்கத்துக்கு நாம் வைத்திருக்கிற பேர் சமாதானம்.

வேதத்தில் இதை முகத்துக்கு நேரே சொன்னவர் எரேமியா. "சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி, என் ஜனமாகிய குமாரத்தியின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்" (6:14). அதையே 8:11-ல் மறுபடியும் சொல்கிறார். மேற்பூச்சு! நம் பழைய மொழிபெயர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் இது ஒன்று. உள்ளே சீழ், மேலே மருந்து. எசேக்கியேல் 13:10-ல் இதே பேர்வழிகள், பொய்த் தீர்க்கதரிசிகள், சாரமற்ற சாந்து பூசுகிறார்கள். ஆடுகிற சுவருக்கு வெள்ளை பூசுவது.

பட்டயத்தைக் கொண்டுவந்தேன் என்றவர் இந்த மேற்பூச்சைக் கிழிக்க வந்தாரோ? தெளிவாகத் தோன்றினால் எழுதுகிறேன். இப்போதைக்கு 2-ம் தேதிப் பதிலை நான் திரும்பப் பெறுகிறேன்.

ஜூலை 6

"ஷாலோம் என்றால் பூரணம், நிறைவு என்று போதகர்கள் சொல்கிறார்களே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாம் சமாதானம் என்று வாசிக்கிற இடங்களில் இருக்கிற எபிரெயச் சொல் ஷாலோம். அப்படிச் சொல்கிறார்கள், தவறும் இல்லை. ஆனால் அந்தச் சொல் நாம் நினைப்பதைவிடச் சாதாரணமானது, தெருவில் நடமாடுவது. ஆதியாகமம் 37-ல் யோசேப்பின் சகோதரர்களால் அவனோடு ஷாலோமாகப் பேச முடியவில்லை (37:4). பத்து வசனம் தள்ளி அதே சகோதரர்களுக்கு ஷாலோமா, ஆடுகளுக்கு ஷாலோமா என்று பார்த்துவரத் தகப்பன் அவனையே அனுப்புகிறார். தமிழில் இரண்டு இடத்திலும் வேறு வேறு சொல் வருவதால் அந்தக் குத்து நமக்குத் தெரிவதில்லை.

இன்னொரு இடம் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 2 சாமுவேல் 11:7. உரியாவின் மனைவியைக் கெடுத்த தாவீது, உரியாவைப் போர்முனையிலிருந்து வரவழைத்து நலம் விசாரிக்கிறான். யோவாப் ஷாலோமா, ஜனங்கள் ஷாலோமா, யுத்தம் ஷாலோமா. ஒரே வசனத்தில் மூன்று தரம். எபிரெயத்தில் அப்படியேதான் இருக்கிறது, யுத்தத்தின் ஷாலோம் என்று. ஒருவனுடைய வீட்டைச் சூறையாடிவிட்டு அவனிடமே ஷாலோம் கேட்கிற வாய். அதே அதிகாரம் முடிவதற்குள் உரியா செத்துப்போகிறான்.

ஜூலை 9

ஷாலோமின் வேர் எழுத்துகள் ஷின், லாமேத், மேம். அதே வேரிலிருந்து வருகிற வினை "ஷில்லேம்". ஈடுகட்டு, திருப்பிக் கொடு, கடனைத் தீர் என்று பொருள். யாத்திராகமம் 21, 22 அதிகாரங்கள் முழுக்க அந்த வினைதான். மாட்டைத் திருடி விற்றவன் மாட்டுக்கு ஐந்து மாடும், ஆட்டுக்கு நாலு ஆடும் கொடுக்கக்கடவன். நெருப்பு வைத்து அடுத்தவன் பயிரை எரித்தவன் ஈடு கொடுக்கக்கடவன். முதல் வருஷம் படித்தபோது இது சட்டப் பகுதி, பரீட்சைக்கு மட்டும் என்று தாண்டிப் போனேன். இப்போது பார்த்தால் எபிரெயக் காதுக்கு "ஷாலோம்" என்ற சத்தத்துக்குள்ளேயே மாட்டுக் கணக்கும் ஆட்டுக் கணக்கும் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வரி வசூலித்த சகேயுவை நினைத்துப் பாருங்கள். லூக்கா 19:8: ஒருவனிடத்தில் அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். ஆட்டுக்கு நாலு ஆடு. இயேசு அவன் வீட்டுக்கு ரட்சிப்பு வந்தது என்று சொல்வது அதற்கு அப்புறம்தான். சகேயு காசைக் கொடுத்து ரட்சிப்பை வாங்கிவிட்டான் என்று சொல்ல வரவில்லை, என்னைச் சண்டைக்கு இழுக்காதீர்கள். கிருபை முதலில் வீட்டுக்குள் வந்தது. வந்த கிருபை கணக்கு நோட்டைத் திறக்க வைத்தது.

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அதையும் எழுதுவேன்.

ஜூலை 12

எழுதுகிறேன்.

என் அறையில் இருப்பவர் எனக்கு இரண்டு வயது மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பழைய ஏற்பாட்டு வகுப்புக்காக மூன்று வாரம் உட்கார்ந்து அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஏசாயா 2:4-ம் மீகா 4:3-ம் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள் என்கின்றன. யோவேல் 3:10 அதைத் தலைகீழாக்குகிறது: மண்வெட்டிகளைப் பட்டயங்களாகவும் அரிவாள்களை ஈட்டிகளாகவும் அடியுங்கள். இது எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணன் பார்த்தது, தமிழில் இரண்டு இடத்திலும் "ஈட்டி" என்றே இருந்தாலும் எபிரெயத்தில் வேறு வேறு சொல். ஏசாயாவில் ஹனீத், யோவேலில் ரோமஹ். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் அந்த ஒரு சொல் மட்டும் ஏன் மாற வேண்டும்? ஜனங்கள் வாயில் புழங்கிய ஒரு சொலவடையை தீர்க்கதரிசிகள் ஆளுக்கொரு பக்கம் திருப்பியிருக்கலாம் என்பது அவர் வாதம்.

"பார்த்துட்டுத் தர்றேன் அண்ணா" என்று அந்த நோட்டை வாங்கினேன். என் கட்டுரையை நான்தான் முதலில் வாசிக்க வேண்டி வந்தது. அந்த இரண்டு ஈட்டிகளையும் என்னுடையதாகவே வாசித்தேன். ஆசிரியர் "நல்ல கண்" என்றார். அண்ணன் எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கட்டுரையில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, பாதியாக வாசித்தார்.

அறையில் ஒன்றும் பேசவில்லை. அந்த ஞாயிறு திருவிருந்து ஆராதனையில் சமாதானம் பகிர்கிற நேரம். நான் தேடிப் போய்க் கையை நீட்டினேன், "கிறிஸ்துவின் சமாதானம் அண்ணா." அவர் கையைக் கொடுத்தார். மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் நெஞ்சு லேசாகிவிட்டது. முடிந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அப்பத்தை வாங்கினேன். இரண்டு மாதம் அப்படியே இருந்தேன். தேவனுக்கு முன்பாக நான் கூசாமல் செய்த காரியம் இது.

ஐயா, 2-ம் தேதி உங்கள் கேள்விக்கு அவ்வளவு சீக்கிரம் பதில் எழுதினேன் அல்லவா? சமாதானம் சொல்வது எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஜூலை 12, சற்று நேரம் கழித்து

மத்தேயு 5:23. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுவந்தால் என்று இருக்கிறது. என் மனதில் அது எப்போதும் "உனக்கு உன் சகோதரன்பேரில் குறை" என்றே பதிந்திருந்தது, நான் தாராளமாக மன்னிப்பதற்கு வசதியாக. வசனம் சொல்வது நேர்மாறு. குறை அவனுக்கு, நடை எனக்கு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயர்கள், பலிபீடமோ எருசலேமில். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்றால் போக மூன்று நாள் நடை, திரும்ப மூன்று நாள். நான் நடந்தது இரண்டு பெஞ்சு.

ஆதிச் சபையின் போதனை நூலான திதகே, 14-ம் அதிகாரத்தில், சண்டையில் இருக்கிறவர்கள் ஒப்புரவாகும்வரை அப்பம் பிட்கும் கூட்டத்தில் சேரக்கூடாது என்கிறது. அன்று சமாதானம் பகிர்வது, பந்தியில் உட்காரலாமா என்று பார்க்கிற சோதனை. நான் அதைக் கைகுலுக்கி முடித்துவிட்டேன்.

ஜூலை 13

"உங்கள் விடுதிக் கதை இருக்கட்டும், கிறிஸ்தவன் பட்டாளத்தில் சேரலாமா, அதைச் சொல்லுங்கள்" என்று ஒரு சகோதரர் கேட்கிறார். சபை இதில் ஒரே குரலில் பேசியதே இல்லை, சகோதரரே. கி.பி. 295-ல் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்தாவில் மாக்சிமிலியான் என்ற 21 வயது இளைஞனைப் படையில் சேர்க்கக் கொண்டுபோனார்கள். நான் கிறிஸ்தவன், சேர மாட்டேன் என்றான். பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று தேசாதிபதி கேட்டார். அவர்களுக்குத் தகுந்தது எது என்று அவர்களுக்குத் தெரியும், என்னால் தீமை செய்ய முடியாது என்றான். வெட்டிக் கொன்றார்கள். அந்தப் பதிலில் எனக்குப் பிடித்தது, சேர்ந்தவர்களை அவன் நியாயந்தீர்க்கவில்லை. பின்னால் வந்த சபைப் பிதா அகுஸ்தீன், சமாதானத்துக்காக யுத்தம் செய்யவும் நேரலாம் என்று எழுதினார். ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் 1934-ல் டென்மார்க்கின் ஃபானோ தீவில், சமாதானமும் பாதுகாப்பும் ஒன்றல்ல, சமாதானம் துணிந்து இறங்க வேண்டிய காரியம் என்று பேசினார். அவரே பிறகு ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்து, 1945 ஏப்ரல் 9-ல் தூக்கிலிடப்பட்டார். தான் செய்வது குற்றமற்றது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

என் மனம் மாக்சிமிலியான் பக்கம். ஆனால் ஒரு நோட்டைத் திருப்பிக் கொடுக்கத் தைரியம் இல்லாதவன் பட்டாளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 15

எபேசியர் 2:14, "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்ற வசனத்தைப் பற்றி முன்பு ஒருவர் கேட்டிருந்தார். எருசலேம் ஆலய வளாகத்தில் நிஜமாகவே ஒரு தடுப்பு இருந்தது. யூதரல்லாதவர் அதைத் தாண்டினால், வருகிற சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டிய கல் 1871-ல் கிடைத்தது. இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தை வகுப்பில் பார்த்தேன், எழுத்துகள் ஒவ்வொன்றும் பிசிறில்லாமல், அவசரமே இல்லாமல் வெட்டப்பட்டவை. பவுல் பிடிபட்டதும் அந்த இடத்து விவகாரத்தில்தான். அப்போஸ்தலர் 21:29: துரோப்பீமு என்ற எபேசியனை உள்ளே கூட்டிப்போய்விட்டார் என்று நினைத்தார்கள். எபேசியன்!

இந்த நிருபத்தைப் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அவரே காவலில் இருந்து எழுதினார் என்றால், சுவர் தகர்ந்தது என்று எழுதிய நாளில் சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆலயம் விழுந்தது கி.பி. 70-ல். நிற்கிற சுவரைப் பார்த்துத் தகர்ந்தது என்று எழுத எப்படிப்பட்ட விசுவாசம் வேண்டும்! அதற்காகச் சுவரே இல்லை என்று அவர் நடிக்கவும் இல்லை. அந்தச் சுவரால்தானே கையில் விலங்கு.

ஜூலை 15, இரவு

நாளை ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 19

போனேன். சொன்னேன். ஆசிரியர் நிறைய நேரம் பேசாமல் இருந்தார். மதிப்பெண் ரத்து, வேறு தலைப்பில் புதிதாக எழுத வேண்டும். அண்ணனுடைய கட்டுரையை விட்டுப்போன பகுதியோடு முழுதாக வகுப்பில் வாசிக்க அனுமதிக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவர் வாசித்தார். அதற்கு முன்னால் நான் எழுந்து நின்று, இது யாருடையது என்று சொன்னேன். குரல் நடுங்கியது.

அறைக்கு வந்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். கட்டித் தழுவுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் "சரி" என்றார். அப்புறம், "நோட்ட எப்ப தருவ?" என்றார்.

நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. இத்தனை நாளாக ஈடுகட்டுவதைப் பற்றி உங்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன், மாடு என் கொட்டிலிலேயே கட்டிக் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தால் எல்லாப் பக்கத்திலும் நான் நீலப் பேனாவால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். பென்சிலாக இருந்தாலாவது அழித்திருக்கலாம். புது நோட்டில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அப்படியே குடு" என்றார். கொடுத்தேன்.

ஜூலை 21

ஐயா, உங்களுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

யோவான் 14:27-ல் சமாதானம் தருகிறேன் என்றவர், அதைக் கொடுப்பதை 20-ம் அதிகாரத்தில் பார்க்கிறோம். கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் அவரை விட்டு ஓடிப்போனவர்கள். "உங்களுக்குச் சமாதானம்" என்கிறார். உடனே அடுத்த வசனம்: கைகளையும் விலாவையும் காண்பித்தார். நான் எத்தனை தரம் வாசித்தும் இந்த இரண்டையும் சேர்த்து வாசித்ததில்லை. காயத்தைக் காட்டியது அடையாளம் தெரிவதற்காக என்று சொல்வார்கள், அதுவும் சரியே. ஆனால் எரேமியாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பேர்வழிகள் சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மூடினார்கள். இவர் சமாதானம் என்று சொல்லிக் காயத்தைத் திறந்து காட்டினார். "உலகம் கொடுக்கிறபிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை" என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பட்டயம் வருவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். காயத்தைத் திறந்தால் வீடு இரண்டுபடும். "ஏன் இப்ப கிளறுறே, சமாதானமாப் போ" என்று முதலில் சொல்வது சொந்தக்காரர்கள்தான். மகனுக்கும் தகப்பனுக்கும் நடுவே, மருமகளுக்கும் மாமிக்கும் நடுவே. மத்தேயுவின் அந்த வசனத்தை இனி உருவகம் என்று ஒதுக்க மாட்டேன்.

முழுவதும் பொருந்திவிட்டது என்று சொல்லவில்லை. 1569-ல் நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்ற அனபாப்டிஸ்ட் (மறுஞானஸ்நானப் பிரிவு) விசுவாசி சிறையிலிருந்து தப்பி ஓடும்போது, துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தான். இவர் திரும்பிப் போய் அவனைத் தூக்கிவிட்டார். பிடிபட்டார், எரிக்கப்பட்டார். அவருக்கு யார் ஈடுகட்டினார்கள்? இதற்கு என்னிடம் பதில் இல்லை, சமாதானமும் சொல்ல மாட்டேன்.

ஜூலை 24

நேற்று இரவு விளக்கை அணைக்கப் போகும்போது அண்ணன் அவர் மேசையிலிருந்தே கேட்டார், "ரோமஹ் வேற எங்கெல்லாம் வருதுன்னு பாத்தியா?" இல்லை என்றேன். "எண்ணாகமம் இருபத்தஞ்சு. போய்ப் பாரு."

பார்த்தேன். பினெகாஸ் ஈட்டியை எடுத்து இரண்டு பேரைக் குத்திக் கொல்கிற இடம். ஏழாம் வசனத்தில் ரோமஹ். பன்னிரண்டாம் வசனத்தில் கர்த்தர் அந்தப் பினெகாஸுக்குத் தமது சமாதானத்தின் உடன்படிக்கையைக் கொடுக்கிறார். எனக்குத் திக்கென்றது. இதை எப்படி எடுத்துக்கொள்வது அண்ணா என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து, எபிரெயத் தோராச் சுருளின் படம் ஒன்றை என் மேசையில் வைத்தார். அந்த வசனத்தில் ஷாலோம் என்ற சொல்லின் நடுவே இருக்கிற வாவ் எழுத்தின் தண்டை முறித்தே எழுத வேண்டும் என்பது யூத எழுத்தர்களின் மரபு. கொலையை அடுத்து வருகிற ஷாலோமில் மட்டும் அந்த எழுத்து இரண்டு துண்டாக நிற்கிறது.

வெளிச்சம் போதவில்லை. அவர் விளக்கை இழுத்து நடுவில் வைத்தார். தண்டின் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.